லிச்பீல்டில் ஒரு நாள்

இங்கிலாந்து நாட்டின் நடுப்பகுதியில் அமைந்த பர்மிங்காம் மாநகரில் புனித சாட் பேராலயம் என்னும் கத்தோலிக்கப் பேராலயம் உள்ளது. பியூஜின் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் வகுத்த திட்டப்படி எழுந்த இவ்வாலயம் 1841-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. இதன் தலைமைப் பீடத்தின் மேல் புனித சாட் ஆயரின் திருப்பண்டங்கள் பேணப்படுகின்றன. அவர் 669-ஆம் ஆண்டில் லிச்பீல்டு நகரின் ஆயராகி, 672-இல் அங்கேயே இறைவனடி சேர்ந்தார். பர்மிங்காமில் பணிபுரியும் எங்கள் மகன் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்த நாங்கள், முதலில் அப்பீடத்தின் முன் முழந்தாளிட்டோம். பின்னர் அப்புனிதர் வாழ்ந்த ஊரையும் காணப் புறப்பட்டோம்.

ஆயினும் எங்களை லிச்பீல்டுக்கு ஈர்த்தவர் புனித சாட் மட்டும் அல்லர். அவ்வூரில் 1709-ஆம் ஆண்டில் பிறந்த சாமுவேல் ஜான்சன் என்னும் அறிஞரும் எங்களை அங்கே அழைத்தார் எனலாம். ஆங்கில மொழிக்கு 1755-இல் பேரகராதி தந்தவர் என்று அவரைப் படித்தவர் பலரும் அறிவர். அவருடைய தலையும் தோளும் கைகளும் ஓயாமல் தாமே அசைந்துகொண்டிருந்தன என்பதையும், வாயிலிருந்து விதவிதமான ஒலிகள் எழுந்தன என்பதையும் அறிந்தோர் சிலரே.

தமிழ்நாட்டில் எங்கள் மகளோடு வாழும் பேரனுக்கு இப்பொழுது பத்து வயது. ஏழாம் வயதில் அவன் கண்களை இறுக மூடித் திறக்கத் தொடங்கினான். பிறகு தோள் குலுங்கியது. அதன்பின் தொண்டையிலிருந்து கனைப்பொலி எழுந்தது. மருத்துவர் அதனை டூரெட் நோய்க்குறி என்றார். அவன் பயிலும் பள்ளியிலோ, மற்றப் பிள்ளைகளின் கவனம் சிதறுகிறது என்றும், ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன் வேறிடம் பார்ப்பது நலம் என்றும் சொல்லிவிட்டார்கள். அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டே நாங்கள் லிச்பீல்டு செல்லும் தொடர்வண்டியில் ஏறினோம்.

இயலாமையும் வேண்டாமையும்

சட்டன் கோல்டுபீல்டு வழியாக வடக்கே செல்லும் அந்த வண்டி முக்கால் மணி நேரத்திற்குள் எங்களைச் சேர்ப்பித்தது. நிலையத்திற்கு அருகே புனித யோவான் பெயரால் வழங்கும் பழைய முதியோர் இல்லம் ஒன்று நிற்கிறது. வீதியை நோக்கி வரிசையாக எழும் அதன் பெரிய புகைபோக்கிகள் காண்போர் நெஞ்சில் பதிவன. அவ்வீதியில்தான் சிறுவன் ஜான்சன் பயின்ற இலக்கணப் பள்ளி இருந்தது.

அப்பள்ளியின் தலைமையாசிரியர் ஹண்டர் என்பவர் இலத்தீன் மொழி கற்பிப்பதில் வல்லவர். பிரம்பைப் பயன்படுத்துவதிலும் அவ்வாறே. தெரியாமல் விழிக்கும் மாணவனையும், படிக்காமல் வந்த மாணவனையும் வேறு பிரித்துப் பாராது, இருவரையும் ஒரே அளவில் அடிப்பார் என்று ஜான்சன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். இயலாத பிள்ளை வேறு. செய்ய மனமில்லாத பிள்ளை வேறு. இவ்விருவரையும் வேறுபடுத்தி அறிவதே ஆசிரியப் பணியின் முதல் படி என்று அவ்வீதியில் நடக்கும்பொழுது எண்ணிக்கொண்டோம்.

சந்தைச் சதுக்கத்தை அடைந்தோம். அங்கே நாற்காலியில் அமர்ந்து சிந்தனையில் ஆழ்ந்திருக்கும் ஜான்சனின் கற்சிலை ஒன்று 1838-ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. அதன் பீடத்தைச் சுற்றி மூன்று புடைப்புச் சிற்பங்கள். ஒன்றில் தந்தையின் தோளில் அமர்ந்து மறையுரை கேட்கும் குழந்தை. மற்றொன்றில், தந்தை சொல்லைத் தட்டிய பழைய குற்றத்திற்காக, பல ஆண்டுகள் கழித்து யூட்டாக்சிட்டர் சந்தையில் மழையில் தலைமூடாமல் நின்று பரிகாரம் செய்யும் முதியவர். மூன்றாவது சிற்பத்தின் முன் நாங்கள் நெடுநேரம் நின்றோம். அதில் பள்ளித் தோழர்கள் சிறுவன் ஜான்சனைச் சுமந்து செல்கிறார்கள். காலையில் மூன்று சிறுவர்கள் வருவார்களாம்; நடுவில் ஒருவன் குனிந்து முதுகில் ஏற்றிக்கொள்ள, இருபுறமும் இருவர் தாங்கிப் பிடிக்க, அவரைப் பள்ளிக்குக் கொண்டு செல்வார்களாம். அவருடைய கல்வித் திறன்மீது அவர்கள் கொண்ட மதிப்பு அத்தகையது. ஒரு வகுப்பறையில் ஒரு பிள்ளை தாழ்வதும் உயர்வதும் பெரிதும் உடன் பயிலும் பிள்ளைகள் கையில் உள்ளது என்பதை அந்தக் கல் எங்களுக்குச் சொல்லிற்று.

பெயரில்லாத் துன்பம்

சிலைக்கு எதிரே, சதுக்கத்தின் மூலையில், ஜான்சன் பிறந்த வீடு. புத்தக வணிகரான அவர் தந்தை கட்டிய அவ்வீடு 1901 முதல் நினைவில்லமாக விளங்குகிறது. குறுகிய மரப்படிகளில் ஏறி அறை அறையாகச் சுற்றி வந்தோம்.

ஜான்சனின் வரலாற்றை எழுதிய பாஸ்வெல் அவருடைய அசைவுகளை மறைக்காமல் குறித்திருக்கிறார். தலையை ஒருபுறம் சாய்த்து ஆட்டுவார். உடலை முன்னும் பின்னும் அசைத்து முழங்காலைத் தேய்ப்பார். கோழி கொக்கரிப்பதைப் போல நாவால் ஒலி எழுப்புவார். நீண்ட பேச்சின் முடிவில் பெருமூச்சை ஊதி வெளியேற்றுவார். ஓவியர் ஹோகார்த் ஒருமுறை நண்பர் ஒருவர் வீட்டுச் சன்னலருகே தலையை ஆட்டி நின்ற ஒருவரைக் கண்டு, அறிவு மழுங்கிய ஒருவரை உறவினர் அங்கே வைத்துக் காக்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டார். சற்று நேரத்தில் அம்மனிதர் முன்வந்து பேசத் தொடங்கியதும் அவருடைய சொல்வன்மையைக் கேட்டுத் திகைத்துப் போனார். அவர்தாம் ஜான்சன்.

மற்றொரு செய்தி எங்கள் உள்ளத்தை அதிகம் தொட்டது. ஏன் இப்படி விந்தையாகக் கையை ஆட்டுகிறீர்கள் என்று ஒரு சிறுமி அவரிடமே கேட்டுவிட்டாள். அது தம்முடைய கெட்ட பழக்கம் என்றும், அத்தகைய பழக்கம் வராதபடி அவள் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்றும் அவர் அன்போடு விடையளித்தார். ஆங்கிலச் சொற்களுக்கெல்லாம் பொருள் எழுதியவரிடம் தம் துன்பத்திற்கு ஒரு பெயர் இல்லை. பெயர் இல்லாததால் பழியைத் தம்மீதே சுமத்திக்கொண்டார்.

அப்பெயர் பிறக்க மேலும் நூறாண்டு ஆயிற்று. பாரிசில் சல்பேத்திரியர் மருத்துவமனையில் பணியாற்றிய ஜில் த லா டூரெட் என்னும் மருத்துவர், 1885-ஆம் ஆண்டில் ஒன்பது நோயாளரைப் பற்றி எழுதி இந்நிலையைத் தனியாக வகுத்துக் காட்டினார். அவர் பெயராலேயே அது இன்று வழங்குகிறது. ஜான்சனுக்கு இருந்ததும் அதுவே என்று கருதத் தக்க சான்றுகளை 1979-ஆம் ஆண்டில் மருத்துவர் ஒருவர் பிரித்தானிய மருத்துவ இதழில் எடுத்துரைத்தார்.

இத்தகைய அசைவையும் ஒலியையும் மருத்துவர் 'டிக்' என்பர். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வயதிற்குள் தோன்றும். பத்து, பன்னிரண்டு வயதளவில் மிகும். பின் வாலிபத்தில் பலருக்கும் குறையும். பலவகை அசைவுகளும், ஓர் ஒலியேனும், ஓராண்டுக்கு மேல் தொடருமாயின் அது டூரெட் நோய்க்குறி எனப்படும். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடமே இது அதிகம். கெட்ட வார்த்தைகள் தாமே வாயில் வரும் என்று பலர் அஞ்சுகின்றனர். அது சிறுபான்மையோருக்கே உண்டு. இது தொற்று நோய் அன்று; அறிவுக் குறையும் அன்று; வளர்ப்பின் குற்றமும் அன்று; பேயின் செயலும் அன்று.

தும்மல் வருமுன் மூக்கில் ஓர் உறுத்தல் தோன்றுகிறது அல்லவா? அதுபோல் டிக் வருமுன் உடலில் ஓர் உந்துதல் எழுகிறது. தும்மலைச் சற்று அடக்கலாம். என்றென்றைக்கும் அடக்க இயலாது. இங்கேதான் பெரியோர் பலர் ஏமாறுகின்றனர். ஜான்சன் அசையாமல் இருக்கவேண்டும் எனக் கேட்டால் அப்படியே இருப்பார் என்று அவருடைய நண்பரும் ஓவியருமான ரெனால்ட்ஸ் எழுதினார்; ஆகவே அது வெறும் பழக்கமே என்று முடிவு கட்டினார். நம் ஆசிரியர்களும், ஆய்வாளர் வந்த நாளில் அமைதியாக இருந்தவன் இன்று ஏன் கனைக்கிறான் என்று கேட்கிறார்கள். அந்த அமைதிக்கு அவன் கொடுத்த விலையை அவர்கள் காண்பதில்லை. அடக்குவதிலேயே மனம் முழுவதும் செலவாகிவிட, பாடம் செவியில் ஏறுவதில்லை. வீட்டுப் படியேறியதும் அடக்கியவை எல்லாம் வெளிப்படுகின்றன. பள்ளியில் ஒழுங்காக இருப்பவன் வீட்டில்தான் சேட்டை செய்கிறான் என்ற பழியும் அதனால் நேர்கிறது.

ஆயர் மாளிகைக்கு வந்த கடிதம்

நண்பகலுக்குப் பின் பேராலயத்தை நோக்கி நடந்தோம். இடைக்கால இங்கிலாந்தின் பேராலயங்களுள் மூன்று கூர்ங்கோபுரங்களுடன் இன்றும் நிற்பது இது ஒன்றே. இப்பொழுது ஆங்கிலிக்கத் திருச்சபையினரின் வழிபாட்டில் உள்ள இவ்வாலயத்தினுள், அத்திருச்சபையைச் சார்ந்த ஜான்சனுக்கும் அவருடைய மாணவர் டேவிட் கேரிக்குக்கும் நினைவுச் சின்னங்கள் உள்ளன. ஆலயத்தைச் சுற்றியுள்ள வளாகத்தில் பழைய ஆயர் மாளிகை இருக்கிறது. ஜான்சனின் இளமையில் அங்கே குடியிருந்தவர் கில்பர்ட் வாம்ஸ்லி என்னும் வழக்கறிஞர். வறிய இளைஞனின் அறிவை மதித்து அவனுக்காகப் பரிந்து பேசியவர்.

1735-ஆம் ஆண்டில் பர்மிங்காமுக்குத் தென்கிழக்கே உள்ள சோலிஹல் என்னும் ஊரின் பள்ளிக்கு ஓர் ஆசிரியர் தேவைப்பட்டார். ஜான்சனுக்காக வாம்ஸ்லி எழுதினார். விடைக் கடிதம் வந்தது. ஜான்சன் சிறந்த கல்விமான் என்பதை அப்பள்ளிக் குழுவினர் அனைவரும் ஒப்புக்கொண்டனர். ஆயினும் அவர் செருக்குள்ளவர் என்று கேள்விப்பட்டார்களாம். மேலும் அவர் முகத்தைக் கோணலாக்கும் வழக்கமுடையவராம். அதனை அவரால் தவிர்க்க இயலாது என்றாலும், அது இளம் பிள்ளைகளைப் பாதிக்கக்கூடும் என்று அஞ்சினார்களாம். ஆகவே பணி இல்லை. ப்ரூவுட் என்னும் ஊரின் பள்ளித் தலைவரும், மாணவர் பார்த்து நகைப்பர் அல்லது பின்பற்றுவர் என்ற அச்சத்தால் அவரை ஏற்கவில்லை.

அவரால் தவிர்க்க இயலாது என்பதை அறியாமல் சோலிஹல் பெரியோர் கதவை மூடவில்லை, அறிந்தே மூடினார்கள். ஆகவே, குழந்தையால் இயலாது என்று எடுத்துரைத்தால் பள்ளியின் மனம் மாறிவிடும் என்று நம்புவது போதாது என்று கண்டோம். அப்பெரியோரின் அச்சம் எல்லாம் பார்த்துச் சிரிக்கும் பிள்ளைகளைப் பற்றியது. சிரிப்பவருக்குக் கற்பிப்பது கடினம். சிரிப்புக்கு ஆளாகிறவரை வெளியேற்றுவது எளிது. அவர்கள் எளியதைத் தேர்ந்துகொண்டார்கள். எங்கள் பேரனின் பள்ளி சொன்னதும் இதுவேயன்றோ?

வாம்ஸ்லி வாழ்ந்த அம்மாளிகையில் இன்று ஒரு பள்ளி நடைபெறுகிறது. சீருடை அணிந்த சிறுவர் சிறுமியர் பைகளைச் சுமந்து எங்களைக் கடந்து சென்றார்கள்.

எடியல் கற்பித்த பாடம்

பிறர் பள்ளியில் இடம் கிடைக்காத ஜான்சன் தாமே ஒரு பள்ளி திறந்தார். லிச்பீல்டுக்கு மேற்கே சில மைல் தொலைவில் உள்ள எடியல் என்னும் சிற்றூர் அதற்கு இடமாயிற்று. எலிசபெத் என்னும் விதவைப் பெண்மணியை 1735-இல் அவர் மணந்திருந்தார். முதல் சந்திப்பிலேயே அவருடைய அசைவுகளைப் பொருட்படுத்தாது, தம் வாழ்நாளில் கண்டவர்களுள் மிக்க அறிவுடையவர் இவரே என்று தம் மகளிடம் சொன்னவர் அவர். அவருடைய செல்வமே பள்ளிக்கு முதலாயிற்று.

மாலையில் அங்கும் சென்றோம். ஜான்சன் பள்ளி நடத்திய மாளிகை இப்பொழுது இல்லை. வயல்களும் சாலையும் சில வீடுகளுமே உள்ளன. பத்திரிகையில் விளம்பரம் செய்தும் மிகச் சில மாணவரே வந்தனர்; கேரிக்கும் அவர் தம்பியும் அவர்களுள் இருவர். அம்மாணவர் ஆசிரியரின் அசைவுகளைக் கண்டு சிரித்தனர்; கதவுத் துவாரத்தின் வழியே அவருடைய அறையை எட்டிப் பார்த்தும் நகைத்தனர். 1737-இல் பள்ளி மூடப்பட்டது. ஆசிரியரும் மாணவர் கேரிக்கும் சேர்ந்தே லண்டனுக்குப் புறப்பட்டனர். ஒருவர் பேரறிஞரானார், மற்றவர் அக்காலத்தின் தலைசிறந்த நடிகரானார். வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் இருவரும் அருகருகே துயில்கின்றனர்.

பிள்ளைகள் சிரிப்பார்கள் என்ற அச்சம் பொய்யன்று என்பதை எடியல் காட்டுகிறது. ஆனால் அப்பிள்ளைகளுக்கு அதைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க அன்று ஒருவரும் இல்லை. அந்த வேலையை இன்று நாம் செய்யலாம். எடியல் சாலையோரத்தில் நின்றுகொண்டே, எங்கள் பேரனின் தலைமையாசிரியையான அருட்சகோதரிக்கு எழுதவேண்டியவற்றை வரிசைப்படுத்தினோம். இத்தகைய பிள்ளை உள்ள பிற குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் அவற்றை இங்கே தருகிறோம்.

முதலாவது, டிக் எழும்பொழுது ஆசிரியர் அதனைக் கவனியாதவர் போல் பாடத்தைத் தொடரவேண்டும். நிறுத்து என்று சொல்வதும், உற்றுப் பார்ப்பதும், ஏன், இரக்கத்தோடு விசாரிப்பதும்கூட, உந்துதலை மிகுவிக்கும். ஆசிரியர் திரும்பிப் பார்க்காவிட்டால் வகுப்பும் விரைவில் பாராமல் பழகும்.

இரண்டாவது, முதல் வரிசையில் நடுவே அமர்த்தினால் நாற்பது கண்கள் அவன் முதுகில் படும். ஓரத்தில், கதவுக்கு அருகே, தோழன் ஒருவன் பக்கத்தில் அமர்த்துவது நலம்.

மூன்றாவது, அடக்க முடியாத நிலை வந்தால் ஐந்து நிமிடம் வெளியே சென்று வர அனுமதி வேண்டும். ஆசிரியரும் மாணவனும் மட்டும் அறிந்த ஓர் அடையாளம் போதும். வருகைப் பதிவேட்டை அலுவலகத்தில் கொடுத்து வருவது போன்ற சிறு வேலையாகவும் அது அமையலாம். தண்டனையாக வெளியே நிறுத்துவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளை நன்கறிவான்.

நான்காவது, தேர்வில் தனி அறையும் சற்றுக் கூடுதல் நேரமும் தரலாம். ஆனால் முதலில் அவனிடம் கேட்கவேண்டும். கேட்டுச் செய்தால் உதவி. கேளாமல் செய்தால் ஒதுக்குதல்.

ஐந்தாவதே முதன்மையானது. அவன் சம்மதம் பெற்று, வகுப்பினர் அனைவருக்கும் பத்து நிமிடம் விளக்கவேண்டும். கண்ணை இமைக்காமல் ஒரு நிமிடம் இருந்து பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லலாம். அவர்கள் இமைத்ததும், உங்கள் தோழனுக்கும் இப்படித்தான் என்றால் போதும். வேறு விளக்கம் வேண்டியதில்லை.

வீட்டாருக்கும் கடமை உண்டு. பள்ளியிலிருந்து திரும்பியதும் சிறிது நேரம் அவனை அவன் போக்கில் விடவேண்டும். போதிய உறக்கம் வேண்டும். பிறர் முன் அவன் அசைவைப் பற்றிப் பேசலாகாது. குழந்தை மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ காட்டவேண்டும். உந்துதல் எழும்பொழுது அதற்கு இணங்காத வேறு செயலைச் செய்யப் பழக்கும் பயிற்சி முறை ஒன்று உண்டு. கனைக்கத் தோன்றினால் வாயை மூடி மூக்கால் மெல்ல மூச்சு விடுவது அதற்கோர் எடுத்துக்காட்டு. பயிற்சி பெற்றவரிடம் கற்றால் அது பலருக்கும் பயனளிக்கிறது. துன்பம் மிகுந்தால் மருந்தும் உண்டு. கவனக் குறைவோ, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் மன உறுத்தலோ உடன் இருந்தால் அதற்கும் மருத்துவம் தேவை. நேர்த்திக்கடன் வைத்துச் செபிப்பது நன்று. மருத்துவரை விட்டுவிட்டு அதை மட்டும் செய்வது நன்றன்று.

இறுதியாக, நம் ஆலயத்தைப் பற்றியும் ஒரு சொல். திருப்பலியில் ஒரு பிள்ளை கனைத்தால் எத்தனை தலைகள் திரும்புகின்றன! எரிகோ சாலையோரத்தில் பர்த்திமேயு உரத்துக் கூவியபொழுது, பேசாதிருக்குமாறு அவரை அதட்டியது ஆண்டவரைப் பின்தொடர்ந்த கூட்டமே. ஆண்டவரோ நின்றார், அவரை அழைத்து வரும்படி அந்தக் கூட்டத்திடமே சொன்னார். சற்று முன் அதட்டியவர்களே பின்னர் அவருக்குத் துணிவு சொல்லி அழைத்தார்கள். ஆண்டவர் குணமாக்கியது குருடரின் கண்களை மட்டும் அன்று. கூட்டத்தின் மனத்தையும் மாற்றினார்.

எங்கள் கடிதத்திற்கு அருட்சகோதரியிடமிருந்து பதில் வந்துள்ளது. வேறு பள்ளி பார்க்கும் பேச்சை நிறுத்தி வைத்து, முதற் பருவம் முழுதும் இம்முறையைப் பின்பற்றிப் பார்க்கலாம் என்றும், வகுப்புப் பிள்ளைகளிடம் தாமே பேசுவதாகவும் எழுதியிருக்கிறார். பேரனிடம் சம்மதம் கேட்டாள் எங்கள் மகள். சிஸ்டர் பேசும்பொழுது தானும் வகுப்பில் இருக்கவேண்டும் என்று அவன் நிபந்தனை விதித்திருக்கிறான்.